எங்கள் மந்தைக்கு ஹால்ட் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்

மதுரை டவுன் பஸ்களின் நேரப் பட்டியலில் கையெழுத்திடும் அலுவலர் அவர்களுக்கு,

இரவு 9.20 மணிக்குப் பெரியார் நிலையத்திலிருந்து கிளம்பி எங்கள் ஊருக்கு வந்து, ராத்திரி ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் நின்று, விடியக் காலம் 4.50க்கு முதல் வண்டியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த ஹால்ட் பஸ்ஸைக் கடந்த நவம்பரில் நிறுத்திவிட்டீர்கள். டிசம்பரில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். ஜனவரியில் உங்களிடமிருந்து மூன்று வரியில் பதில் வந்தது: போதிய பயணிகள் இல்லை, பணியாளர் பற்றாக்குறை, எனவே மேற்படி நடை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. அந்த மூன்று வரியை ஒப்புக்கொள்ள முடியாததால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வழித்தட எண்ணையும் ஊர்ப் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்த வண்டியில் வந்த டிரைவரையும் கண்டக்டரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மனுவில் எண், பெயர், எல்லாம் இருக்கிறது. உங்கள் மேசைக்கு வந்த காகிதம்தான்.

நான் மேல மாசி வீதி பக்கம் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, தேர்வு வினாத்தாள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும். லைசென்ஸ் இருக்கிறது, வண்டியும் வீட்டுத் திண்ணையை ஒட்டி நிற்கிறது. ஆனாலும் ஒன்பது வருடமாக வேலைக்குப் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். போக வர 40 கிலோமீட்டர்; பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது; மாதம் 26 நாளைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,400 ரூபாய். 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, அந்த மாதத்திலிருந்தே என் மகள் பெயரில் போஸ்ட் ஆபீசில் ஆர்.டி. கட்டி வருகிறேன்.

காசு மட்டும் காரணமில்லை. கப்பலூர்ப் பக்கம் லாரிகளின் வெளிச்சம் முகத்தில் அடிக்க, மழையில், இரவு ஒன்பதரை மணிக்கு இரண்டு சக்கரத்தில் வருவது எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பெரும் பங்கு இருசக்கர வண்டிக்காரர்கள். எங்கள் அச்சகத்தில் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறோம். போட்டோவில் இருக்கும் வயதைப் பார்த்தாலே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பஸ்ஸில் அந்த ஐம்பத்தைந்து நிமிஷம் என்னுடையது. பழங்காநத்தம் வரைக்கும் நெரிசல். பசுமலையில் கொஞ்சம் இறங்கும். திருப்பரங்குன்றத்தில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால், மிச்சம் இருக்கிற மெய்ப்பை மடியில் வைத்துப் பார்த்துவிடுவேன். ஒருநாள் ஒரு பத்திரிகையில் தாய்மாமன் பெயரைச் சித்தப்பாக்களுக்குக் கீழே போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா எட்டிப் பார்த்து, "மாமன் பேரை மேலே ஏத்தச் சொல்லாத்தா, இல்லாட்டி கல்யாணத்தன்னிக்குச் சண்டைதேன்" என்றார். மறுநாள் கேட்டால், அந்த வீட்டார் அதையே சொல்லிப் பதறிப்போய் வந்து நின்றார்கள். ஸ்கூட்டியில் போயிருந்தால் அந்த அப்பத்தாவை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

இப்போது ஹால்ட் வண்டி. உங்கள் பட்டியலில் அது இரண்டு வரி: இரவு ஒரு நடை, காலையில் ஒரு நடை. எங்களுக்கு அது என்னவாக இருந்தது என்று சொல்கிறேன்.

ராத்திரி பத்தேகாலுக்கு மந்தையில் திரும்பும். வேப்பமரத்தடியில் பின்பக்கமாக வாங்கி நிறுத்திவிட்டு டிரைவர் இன்ஜினை அணைப்பார். கண்டக்டர் உள்விளக்கை ஒன்று மட்டும் போட்டுக்கொண்டு பையைப் பிரித்துக் காசை எண்ணுவார், பத்து ரூபாய் நாணயம் தனி, ஐந்து தனி. மந்தையை ஒட்டிய வீட்டில் இருந்து ஒரு தூக்குவாளியில் ரசமோ மோரோ போகும். யார் வீட்டு முறை என்றெல்லாம் கிடையாது, இருப்பவர்கள் கொடுப்பார்கள். பிறகு கடைசி நீள சீட்டில் ஒருவர், தரையில் பாய் விரித்து ஒருவர். கொசு பிடுங்கும். விடியற்காலை நாலரைக்கு டிரைவர் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் சும்மா ஓட விடுவார். அந்த உறுமல் கேட்டுத்தான் மேலத்தெருவில் அடுப்புப் பற்றவைப்பார்கள். என் அம்மா கடிகாரம் பார்த்து எழுந்ததே இல்லை.

அந்தக் காலத்தில் டி.வி.எஸ். பஸ் வந்தால் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று மதுரைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். எங்கள் தலைமுறைக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது இந்த ஒரு வண்டிதான்.

4.50 வண்டியில் ஏறியவர்கள் யார் என்று உங்கள் கணக்கில் இருக்காது. முக்கால்வாசிப் பேர் பூக்காரப் பெண்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். மல்லிகையை மொட்டாக எடுத்து, மொட்டாகவே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைத் தராசில் ஏற்ற வேண்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறோமே, அந்த மல்லி வெயில் ஏற ஏற விரிந்துவிடும். விரிந்தால் விலை போச்சு. ஈரச் சாக்கில் கட்டிய சிப்பத்தைப் பின்படிக்கட்டுப் பக்கம் அடுக்கிவிட்டு அதன் மேல் கை வைத்தபடியே நின்று போவார்கள். வண்டி முழுக்க அந்த வாசம். அவர்களுக்குப் பயணம் இலவசம்தான். சிப்பத்துக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கித்தான் போனார்கள்.

இப்போது முதல் வண்டி 6.35. அதில் போய்ப் பெரியாரில் மாறி மாட்டுத்தாவணி சேர்வதற்குள் எட்டு மணி. அதனால் ஆளுக்கு எழுபது ரூபாய் போட்டுக் குட்டியானை பிடிக்கிறார்கள். மார்கழியிலும் தையிலும் பூ வரத்தே குறைவு, விலை உச்சத்தில் இருக்கும், எப்படியோ கட்டுப்படியானது. பங்குனியில் வரத்துக் கூடி விலை இறங்கும்போது எழுபது ரூபாய் கொடுத்து யாராலும் போக முடியாது.

அதே வண்டியில் பெரியாஸ்பத்திரிக்கு ஓ.பி. சீட்டு வாங்கப் போகிறவர்கள் போனார்கள். கொத்தனார் சித்தாள்கள் போனார்கள். இவர்கள் யாரும் உங்களுக்கு மனு எழுதவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

இனி நீங்கள் சொன்ன இரண்டு காரணங்கள்.

போதிய பயணிகள் இல்லை என்கிறீர்கள். எப்போது எண்ணினீர்கள்? எங்கள் ஊர் ஆள் ஒருவர் நேரில் வந்து கேட்டபோது, செப்டம்பர், அக்டோபர் கணக்கை வைத்து முடிவெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அச்சகத்தில் தினசரி காலண்டர் தாள்கள் கிடக்கும். அன்றன்று கிழித்த தாளின் பின்பக்கம், வண்டி வந்ததா, எத்தனை மணிக்கு, எங்கள் ஊரில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுதி வைத்தேன். நான் வேலைக்குப் போகாத ஞாயிறுகளில் மந்தையில் உட்கார்ந்து எழுதினேன். 61 நாளில் வண்டி வந்தது 37 நாள். வராதது 24 நாள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தொடர்ந்து ஐந்து நாள் வரவில்லை; சிறப்புப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். துணிக்கடைகளில் எங்கள் பெண்கள் ஓவர்டைம் நின்ற வாரம் அது.

செப்டம்பர் முதல் வாரத்தில் எங்கள் ஊரில் மட்டும் இறங்கியவர்கள் 19, 22, 17 என்று இருக்கிறது. அக்டோபர் கடைசியில் 8, 6, 9. நடுவில் என்ன நடந்தது என்று தாள்களை அடுக்கிப் பார்த்தாலே தெரியும். முதல் தடவை வண்டி வராதபோது எல்லோரும் பத்தேமுக்கால் வரை பெரியாரில் நின்றோம். இரண்டாம் தடவை அண்ணன் தம்பியைக் கூப்பிட்டோம். மூன்றாம் தடவைக்குப் பிறகு, வருமோ வராதோ என்று நிற்கத் தயாரில்லாதவர்கள் ஏற்கனவே பைக்குக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். அந்த இரண்டே மாதத்தில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு வீட்டில் தவணைக்கு வண்டி எடுத்தார்கள். வண்டியை வரவிடாமல் செய்துவிட்டு, வராத வண்டிக்கு ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது நியாயமில்லை.

வசூல் இல்லை என்றும் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எங்கள் வண்டியில் பெரும்பாலானவர்கள் பெண்கள். கண்டக்டர் மெஷினில் எங்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு அடித்துக் கொடுக்கிறார். அந்தச் சீட்டுக்கான தொகையை அரசு உங்களுக்கு ஈடுகட்டுகிறது. அப்படியிருக்க, பையில் விழுந்த காசை மட்டும் எண்ணி ஒரு நடையை எடைபோடுவது எந்த வகைக் கணக்கு? அந்தத் தாளைக் கிழித்து எங்கள் கையில் கொடுக்கும்போது நாங்களும் பயணிகள்தான். "ஓசி" என்ற சொல்லை நிறுத்தங்களில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம். காலையில் ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நின்று துணி விரித்துக் காட்டிய பெண்ணை, காசு கொடுக்காத ஆள் என்று கணக்கிலிருந்து எடுத்துவிடும்போது உங்கள் பட்டியலும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறது.

2021இல்தான் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டு வந்தது. அதே வருடம்தான் கட்டணமில்லாப் பயணமும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளை விளக்குத்தூண் பக்கமும் டவுன்ஹால் ரோட்டிலும் வேலைக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்க வைத்தன. கடை சாத்த ஒன்பது மணி. இப்போது எங்கள் ஊருக்குக் கடைசி வண்டி 7.40.

அந்தப் பெண்கள் எப்படி வீட்டுக்கு வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் திருமங்கலம் சாலையில் எங்கள் ஊர் விலக்கில் பத்து மணிக்கு வந்து நில்லுங்கள். மெயின் ரோட்டு வண்டியில் அதுவரை வந்துவிடலாம். அங்கிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். பாதி தூரம் விளக்குக் கிடையாது. விலக்கில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. அந்த அண்ணன் எட்டரைக்கே கடையைச் சாத்துகிறவர். டிசம்பரிலிருந்து எங்களுக்காக டியூப்லைட்டை எரியவிட்டு, பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் கடைசி ஆள் போன பிறகுதான் ஷட்டரை இழுப்பார். தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் நாலு பேர் நின்றோம். ஒரு பெண்ணின் அப்பா வந்தார், அவருக்குக் கண்ணில் புரை. ராத்திரியில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொரு வீட்டுப் பையன், பதினைந்து வயது, லைசென்ஸ் எடுக்கும் வயது இல்லை, அக்காவையும் என்னையும் சேர்த்து ஒரே பைக்கில் ஏற்றினான். ஏறினேன். வேறு வழி இல்லை. வழி முழுக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நாலாவதாக நின்ற பெண் தைப்பொங்கலோடு வேலையை விட்டுவிட்டாள். பத்தொன்பது வயது. "தினமும் எங்கப்பா இருமிக்கிட்டே வந்து நிக்கிறதைப் பார்க்க முடியலைக்கா" என்றாள்.

பணியாளர் பற்றாக்குறை என்பதை நான் மறுக்கவில்லை. ஓய்வு பெற்றவர்கள் இடம் பல வருடம் நிரப்பப்படாமல் கிடந்ததும், இருப்பவர்கள் டபுள் டூட்டி பார்த்ததும் எங்களுக்குத் தெரியும். அவர்களோடுதான் தினமும் பேசிக்கொண்டு வந்தோம். 2025 மார்ச்சில் மாநிலம் முழுக்க 3,274 ஓட்டுநர் – நடத்துநர் இடங்களுக்கு அறிவிப்பு வந்ததும் தெரியும். ஆனால் குறைவாக இருக்கும் ஆட்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும்போது, ஒரு நாளைக்கு ஒரே கடைசி வண்டியும் ஒரே முதல் வண்டியும் உள்ள ஊரில்தான் முதலில் கை வைக்க வேண்டுமா? பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி போகும் சாலையில் ஒன்றைக் குறைத்தால் அடுத்தது வரும். எங்களுக்கு அடுத்தது மறுநாள்தான்.

ஹால்ட் வண்டியில் வந்த டிரைவரும் கண்டக்டரும் ஒரு குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அது நியாயமான குறை: தங்க அறை இல்லை, கழிப்பறை இல்லை. மந்தையில், கொசுக்கடியில் தூங்கிவிட்டு விடியற்காலையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதை நாங்கள் முன்பே சரிசெய்திருக்க வேண்டும். இப்போது செய்திருக்கிறோம். மந்தையை ஒட்டி மூடிக் கிடந்த பழைய வாசகசாலை அறையை வெள்ளையடித்து, ஃபேன் போட்டு, இரண்டு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறோம். பின்னால் கழிப்பறை கட்டித் தண்ணீர் இழுத்தாகிவிட்டது. ஜனவரி 26 கிராம சபையில் அந்த அறையைப் பஸ் பணியாளர்களுக்கென்றே ஒதுக்கித் தீர்மானம் போட்டோம். நகல் உங்களுக்குப் பதிவுத் தபாலில் வந்திருக்கிறது.

திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ பற்றி ஊரெல்லாம் பேச்சு. அந்தத் திட்டத்தை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியபோது, 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை இருபது லட்சத்துக்குக் குறைவு என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். பழைய கணக்கை வைத்து மதுரையை எடைபோடலாமா என்று நாம் எல்லோரும் கோபப்பட்டோம். எங்கள் ஊர் வண்டிக்கு நீங்கள் போட்ட கணக்கின் மேல் எனக்கு இருப்பதும் அதே கோபம்தான். மெட்ரோ வரட்டும், நல்லது. அது வந்தாலும் விலக்கிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டருக்கு எங்களுக்கு பஸ்தான் வேண்டும்.

நாங்கள் கேட்பது இவை.

இரவு 9.20 நடையையும் காலை 4.50 நடையையும் பங்குனி பிறப்பதற்குள், அதாவது மார்ச் பாதிக்குள், மீண்டும் இயக்க உத்தரவிடுங்கள். "தற்காலிகமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். தற்காலிகம் என்றால் முடியும் தேதி ஒன்று இருக்க வேண்டும், அந்தத் தேதியை எழுத்தில் கொடுங்கள். தினமும் விட ஆள் இல்லையென்றால் முதலில் ஹால்ட் வண்டியை வாரம் ஆறு நாள் விடுங்கள், ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் விடுகிறேன் என்று சொன்ன நாளில் வண்டி வர வேண்டும். வராது என்றால் அன்று மாலை ஆறு மணிக்குள் பெரியார் நிலைய நேரக் காப்பாளர் அறையில் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கடையில் நிற்கும் பெண் ஆறு மணிக்குத் தெரிந்தால் ஏதாவது செய்துகொள்வாள். பத்தரைக்குத் தெரிந்து என்ன செய்வாள்?

பயணிகளை மறுபடி எண்ணுங்கள். வண்டி ஒழுங்காக ஓடும் இரண்டு மாதத்தில், பங்குனி சித்திரையில் எண்ணுங்கள், கட்டணமில்லாச் சீட்டுகளையும் சேர்த்து எண்ணுங்கள். செப்டம்பர், அக்டோபரில் அந்த வண்டி எத்தனை நாள் ஓடியது, எத்தனை சீட்டு அடித்தது என்ற விவரத்தை எங்கள் ஊராட்சிக்குக் கொடுங்கள். என் காலண்டர் தாள்களின் நகல் மனுவோடு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என்னுடையதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். தப்புப் பார்ப்பதுதான் என் வேலை.

ஒரு வழித்தடத்தில் தினம் குறைந்தது எத்தனை நடை என்று அனுமதியிலேயே நிபந்தனை விதிக்க 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எங்கள் வழித்தட அனுமதியில் அப்படி என்ன எழுதியிருக்கிறது என்பதன் நகலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாக விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். சட்டப்படி முப்பது நாள். அந்த முப்பது நாளுக்குள் இந்தக் கடிதத்துக்கும் பதில் வேண்டும், வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில், பொறுப்பான ஒருவர் பெயரோடு.

கடைசியாக, முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு நாள் உங்கள் அலுவலக வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். ஒன்பது மணிக்குக் கடை சாத்திய பெண்களோடு பெரியாரில் ஏறி, எங்கள் விலக்கில் இறங்கி, பஞ்சர் கடை வெளிச்சத்தில் எங்களோடு நில்லுங்கள். ஊருக்குள் கூட்டிப்போக நாங்கள் ஆள் வரச் சொல்கிறோம். வாசகசாலை அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ராத்திரி அங்கேயே தங்கி, 4.50க்கு மந்தையில் பூச் சிப்பத்தோடு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
9.20 வண்டியில் வந்துகொண்டிருந்த ஒரு பயணி